கோதுமைக் கப்பல் வந்த வருஷம்

என் வீட்டுக்காரரிடம் எந்தத் தேதியைக் கேட்டாலும் அமெரிக்காவைத்தான் சொல்வார். ஊரில் மற்றவர்கள் புயலடித்த வருஷம், வெள்ளம் வந்த வருஷம் என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். இவருக்கு எல்லாமே அந்தப் பக்கம்தான். எங்கள் கல்யாணம் எப்போது என்று யாராவது கேட்டால், "அவங்க ஜனாதிபதி ராஜினாமா பண்ணினாரே, அதுக்கு மறு மாசம்" என்பார். "ஆடியில அவர் எறங்கினார், ஆவணியில நான் மணமேடை ஏறினேன்" என்று ஒரு சிரிப்பு வேறு. ஐம்பது வருஷமாக இதே சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கழுத்தில் ஏறிய தாலிக்கு யாரோ ஒரு வெள்ளைக்காரன் வேலையை விட்டதுதானா அடையாளம்?

இத்தனைக்கும் அந்த நாட்டில் அவர் கால் வைத்ததே இல்லை. மதுரையில் பிறந்து, மதுரையில் வேலை பார்த்து, ரிட்டையர் ஆனதும் மகள் கூப்பிட்டாள் என்று ஆக்லாந்துக்கு வந்தவர். பக்குரங்காவில் இரண்டு அறை வாடகை வீடு. பதினைந்து வருஷத்துக்கு மேலாக நாங்கள் இரண்டு பேரும் எங்கள் இஷ்டத்துக்குச் சமைத்து, எங்கள் இஷ்டத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறோம். மகள் வெஸ்ட்கேட்டில் புதிதாக வீடு வாங்கிப் போய்விட்டாள். நகரத்தின் ஒரு மூலையில் அவள், இன்னொரு மூலையில் நாங்கள். நடுவில் இருப்பது இவருடைய கார்தான்.

அந்தக் காருக்குத்தான் போன ஜூனில் ஆபத்து வந்தது. இந்த ஊரில் எழுபத்தைந்து வயது ஆகிவிட்டால், டாக்டர் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியும். அது ஒரு சடங்கு மாதிரி நடந்து முடிந்திருக்கும். ஆனால் அதற்கு முந்தின மாதம் இவர் ஒரு காரியம் செய்தார். மீன் வாங்கி வருகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு ஒனிஹங்காவுக்குப் போனவர், பஸ் மாறிப் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கையில் மீன் பை இருந்தது. கார் இல்லை.

"கார் எங்கங்க?" என்றேன்.

வாசலைத் திரும்பிப் பார்த்தார். பையைப் பார்த்தார். "அடடா" என்றார். அவ்வளவுதான்.

வாழ்நாள் முழுக்க சைக்கிளிலும் டவுன் பஸ்ஸிலும் போன மனுஷன். கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே அறுபது வயதில், இங்கே வந்த பிறகு. ஏதோ யோசனையில் கால் பழைய பழக்கத்துக்கு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றிருக்கிறது. நான் சிரித்துவிட்டேன். மகள் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையோடு போய் காரை எடுத்து வந்தவள், சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "டாக்டர்கிட்ட நானும் வர்றேன். அப்பாவுக்கு மெமரி டெஸ்ட் பண்ணச் சொல்லணும்" என்றாள்.

டெஸ்டில் தோற்றால் என்ன ஆகும் என்பதும் முடிவாகிவிட்டிருந்தது. லைசென்ஸ் போகும். கார் இல்லாமல் பக்குரங்காவில் எங்களைத் தனியாக விடமாட்டாள். வீட்டைக் காலி செய்துவிட்டு வெஸ்ட்கேட்டுக்குப் போகவேண்டும். கீழ்த்தளத்தில் எங்களுக்கென்று ஓர் அறைக்குப் பெயின்ட்கூட அடித்துவிட்டாள். பாசக்காரிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் நான் மீன் குழம்பு வைத்தால் எல்லா ஜன்னலும் திறக்கும். பேரன் நான் கேட்கிற எதற்கும் இங்கிலீஷில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவான். இவரோ சாவி இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்.

இவருக்கு வேறு கவலை. "எனக்கு இன்னும் எழுபத்தஞ்சே ஆகல. எதுக்கு டெஸ்ட்டு?" என்று ஒற்றைக் காலில் நின்றார்.

அது பொய்யும் இல்லை. இவருடைய பாஸ்போர்ட்டில் இருப்பது பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்ட தேதி. அந்தக் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். இவருக்குக் கை நீளம், சீக்கிரமே தொட்டுவிட்டார். பிறந்த தேதி என்ன என்று என் மாமியாரிடம் கேட்டிருக்கிறார்கள். "அமெரிக்காவுல இருந்து கோதுமைக் கப்பல் வந்துச்சே, அந்த வருஷம் ஐப்பசி" என்றிருக்கிறார். நாடே பஞ்சத்தில் கிடந்தபோது வந்த கப்பல். அந்தக் கணக்குப்படி பையனுக்கு வயது பத்தாது. வாத்தியார் ஒன்றரை வயதைக் கூட்டி, ஜூன் ஒன்றாம் தேதி என்று எழுதிக்கொண்டார். இவர் வகுப்பில் பாதிப் பேருக்கு அதே ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்த நாள். எங்கள் தலைமுறையில் இது ஒன்றும் குற்றமில்லை. இரண்டு தேதியையும் வைத்துக்கொண்டு ஒரு சிக்கலும் இல்லாமல் பிழைத்துவந்தோம்.

ஆக, பிறக்கும்போதே அமெரிக்கா வந்து ஒட்டிக்கொண்டது. பிறகு விடவில்லை. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் அமெரிக்கப் பால் பவுடரைக் கரைத்துக் காய்ச்சி ஊற்றுவார்களாம், மக்காச்சோள உப்புமா போடுவார்களாம். அந்த மூட்டைகளிலும் எண்ணெய் டின்களிலும் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம் இருக்கும். காலி மூட்டைத் துணியில் மாமியார் இவருக்கு டவுசர் தைத்துப் போட்டிருக்கிறார். பின்பக்கம் கைகுலுக்கும் படத்தோடு பள்ளிக்கூடம் போனவர் என் புருஷன். அந்த இரண்டு கைகளில் ஒன்று தன்னுடையது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாராம்.

அவர்களுடைய இளம் ஜனாதிபதியைச் சுட்டுக் கொன்றபோது இவருக்குப் பன்னிரண்டு வயது. தெருமுனை சலூனில் படத்துக்கு மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து மாமியார் பதறிப்போய், "யார்றா செத்தது? நம்ம சொந்தமா?" என்று கேட்டிருக்கிறார். "பால் பவுடர் குடுத்தவரும்மா" என்றாராம் இவர். இந்தக் கதையை மாமியாரே சொல்லக் கேட்டிருக்கிறேன், அதனால் நம்புகிறேன். சந்திரனில் அவர்கள் இறங்கியதை நகராட்சிப் பூங்கா ரேடியோவில் கேட்டாராம். கூட்டத்தில் யாரோ இவர் செருப்பை அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். "மனுஷன் நிலாவுல கால் வெச்ச அன்னைக்கு நான் வெறுங்காலோட வீட்டுக்கு வந்தேன்" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

வளர்ந்து வேலைக்குப் போனதும் அந்த ஒட்டுதல் தொழிலாகவே ஆகிவிட்டது. ஒரு தினசரிப் பத்திரிகையின் மதுரை அலுவலகத்தில் டெலிபிரிண்டர் ஆபரேட்டர். உலகச் செய்தியெல்லாம் கம்பி வழியே வந்து அந்த மெஷினில் தடதடவென்று காகிதத்தில் அடித்து விழும். அதைக் கிழித்து ஆசிரியர் மேசைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். இவருக்கு அநேகமாக இரவு டூட்டி. நமக்கு ராத்திரி என்றால் அவர்களுக்குப் பகல். அதனால் அமெரிக்காவில் எது நடந்தாலும் மதுரையில் முதலில் தெரிவது இவருக்குத்தான். வேலையில் சேர்ந்த புதிதிலேயே பங்களாதேஷ் சண்டை வந்தது. அமெரிக்கப் போர்க்கப்பல் நம்மை மிரட்ட வங்காள விரிகுடாவுக்கு வருகிறது என்ற செய்தியை இவர் கையால்தான் கிழித்தாராம். பால் பவுடர் கொடுத்த கை இப்படிச் செய்யலாமா என்று ஒரு மாதம் அந்த நாட்டின் பேச்சையே எடுக்கவில்லையாம். அத்தனை ரோஷம்.

மகள் பிறந்த கதையை எங்கள் சொந்தத்தில் அறியாதவர் கிடையாது. அமெரிக்காக்காரன் மேலே அனுப்பிய ஸ்கைலாப் என்கிற விண்வெளி ஆய்வுக்கூடம், வானத்திலிருந்து பிய்ந்து விழப்போகிறது, எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்த வாரம். எப்படியும் சாகப்போகிறோம் என்று எதிர்வீட்டில் முட்டையிடுகிற கோழியை அடித்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள். எனக்கு வலி எடுத்துவிட்டது. இவர் மெஷினை விட்டு நகரவில்லை. அது கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் விழுந்து தொலைந்தது என்ற செய்தியைக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். குழந்தையைப் பார்த்ததும், "ஸ்கைலாப் பத்திரமா எறங்கிருச்சு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் எதுவும் அகப்படவில்லை.

கல்யாணத்துக்கும் மகளுக்கும் நடுவில் ஐந்து வருஷம். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கதை சொல்வதில்லை.

டாக்டரைப் பார்க்கப் போன அன்று நல்ல குளிர், மழை; இங்கே ஜூனில்தான் குளிர்காலம். இவர் குரங்குக் குல்லாவைக் கழற்றவே மாட்டேன் என்றார். உள்ளே போனதும் மகளே பிடுங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். சின்ன வயதிலேயே பெற்றோரோடு இங்கே வந்தவர். எங்களிடம் தமிழில்தான் பேசுவார். ரத்த அழுத்தம், கண் எல்லாம் பார்த்தார். எல்லாம் சரி. பிறகு ஒரு பெயரையும் விலாசத்தையும் சொல்லி, "இதை ஞாபகம் வைச்சிருங்கோ அங்கிள், கடைசியில கேப்பன்" என்றார். கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தார். மிருகங்களின் பெயர் சொல்லச் சொன்னார். ஆடு, மாடு என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். "குரங்கு. அமெரிக்காக்காரன் மொதமொத ராக்கெட்ல அனுப்பினானே…" என்று இழுத்ததும் நான் தொடையில் ஒரு தட்டுத் தட்டினேன். புலி, சிங்கம் என்று திரும்பி வந்தார்.

"சரி அங்கிள், உங்கட பிறந்த திகதியைச் சொல்லுங்கோ."

எழுபது வருஷமாக எந்த அலுவலகத்திலும் கூசாமல் ஜூன் ஒன்று என்று சொல்லிவந்தவர், அன்றைக்குப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிஜத்தைச் சொல்லிடறேம்மா. நான் பொறந்தது கோதுமைக் கப்பல் வந்த வருஷம், ஐப்பசி. எனக்கு இன்னும் எழுபத்தஞ்சு ஆகல. இந்த டெஸ்ட்டே எனக்கு வேண்டியதில்ல."

டாக்டர் திரையைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். "இதில வேற திகதியெல்லே கிடக்கு…"

பிறந்த தேதிகூட நினைவில்லை என்று எழுதிவிடுவாரா, இல்லை பொய்த் தேதி கொடுத்து விசா வாங்கியவர் என்று எங்களை மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்களா? எனக்கு இரண்டு பயமும் சேர்ந்து வந்தது. வாத்தியார், காது, கை என்று நான் பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாக உளறினேன். எப்படித் தொடுவது என்று என் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்க் காட்டினேன். மகள் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் சிரித்துவிட்டு, "பயப்பிடாதேங்கோ அன்ரி. நான் அதை ஒண்டும் எழுதேல்ல" என்றார்.

ஆனால் அவருக்கும் சந்தேகம் தட்டியிருக்கவேண்டும். கீபோர்டை விட்டுக் கையை எடுத்துவிட்டுச் சும்மா கதைக்கிற மாதிரி கேட்டார். "எப்ப கலியாணம் முடிச்சனீங்கள் அங்கிள்?" இவர் ராஜினாமா, ஆடி, ஆவணி என்று வழக்கமான பாட்டைப் பாடினார். டாக்டர் போனில் தேடிப் பார்த்தார். "ஓம், சரிதான்" என்று மகளைப் பார்த்துத் தலையசைத்தார். மகள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

"எத்தினை பிள்ளையள் உங்களுக்கு?"

"ரெண்டு" என்றார்.

டாக்டர் மெதுவாகத் திரையைப் பார்த்தார். அதில் மகள் பெயர் மட்டும்தான் இருக்கும். மகள் இவர் முழங்கையைத் தொட்டாள். "அப்பா… நான் ஒருத்திதானப்பா" என்றாள். சின்னக் குழந்தையிடம் பேசுவது போன்ற குரல். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. அவ்வளவுதான், அப்பா போய்விட்டார் என்று முடிவே செய்துவிட்டாள். வெஸ்ட்கேட் அறையில் கட்டில் போட்டது எனக்கே கண்ணில் தெரிந்தது.

இவர் என்னைப் பார்த்தார்.

அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது. முதல் குழந்தை, பையன். தொட்டிலில் போட்டுப் பேர் வைக்கிற வரைக்கும்கூட அவன் இருக்கவில்லை. பேர் இல்லை, போட்டோ இல்லை, வருஷத்துக்கு ஒரு நாள் விளக்கேற்றுகிற வழக்கமும் அப்படிப் போன குழந்தைகளுக்குக் கிடையாது. ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி இவர்தான் கையில் ஏந்திக்கொண்டு போனார். பொம்பளைகள் போகக்கூடாது, நான் வாசல்படியோடு நின்றுவிட்டேன். திரும்பி வந்து குளித்தார். மறுநாள் டூட்டிக்குப் போய்விட்டார். மறுநாளே! அந்த ஒன்றை நான் மன்னிக்கவே இல்லை. பெற்ற பிள்ளையைப் புதைத்துவிட்டு எவனோ நாட்டுச் செய்தியைக் கிழிக்கப் போகிற மனுஷன் என்ன மனுஷன்? பிறகு ஒரு நாளும் அவன் பேச்சை எடுக்கவில்லை. எல்லாவற்றையும் நினைவு வைத்திருக்கிறவர் இதை மட்டும் துடைத்துப் போட்டுவிட்டார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அவர் சொல்றது சரிதான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "ரெண்டுதான். இவளுக்கு மூத்தது ஒரு பையன். தங்கல."

மகள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. நாற்பத்தைந்து தாண்டிய பெண். தனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்று அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறாள். டாக்டர் நாற்காலியை இவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். டெஸ்டுக்காக அவர் அதைக் கேட்கவில்லை, ஆறுதலாகத்தான் கேட்டார்.

"அது எந்த வருஷம் அங்கிள்? அப்ப அமெரிக்காவில என்ன நடந்தது?"

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் யோசித்து அவர் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

"அந்த வருஷம் அமெரிக்காவுல ஒண்ணும் நடக்கலம்மா" என்றார்.

எனக்குத் தெரியும், அது எந்த வருஷம் என்று. அமெரிக்காவுக்கு இருநூறு வயதான வருஷம். அந்த நாடே வாணவேடிக்கை விட்டுக்கொண்டிருந்தது. நான் நிறைமாதமாக இருந்தபோது, "நம்ம பிள்ளையும் அமெரிக்காவும் ஒரே வாரத்துல பொறந்தநாள் கொண்டாடப் போறாங்க பாரு" என்று வயிற்றைப் பார்த்துச் சொன்னவர் இவர்தான். அந்தச் செய்திகளை முழ நீளம் முழ நீளமாகக் கிழித்துக் கொடுத்ததும் இவர்தான். ஒன்றும் நடக்கவில்லையாம். ஐம்பது வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த கோபம், அந்த ஒரு வார்த்தையில் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. டாக்டர், மகள் என்று பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நாலு பேர் முன்னால் நான் அவர் கையைப் பிடித்ததே கல்யாணத்தன்றுதான்.

கடைசியில் அந்தப் பெயரையும் விலாசத்தையும் கேட்டார்கள். வீட்டு எண்ணைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டாக்டர் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருஷம் ஒரு தரம் வந்து காட்டவேண்டும், ராத்திரியில் ஓட்டவேண்டாம் என்றார். மகள் சரி என்று தலையாட்டினாள். கார் நிறுத்தும் இடத்தில் குல்லாவை எடுத்து அவளே அவர் தலையில் மாட்டி, காதுவரை இழுத்துவிட்டாள். தன் காரை அங்கேயே விட்டுவிட்டு எங்களோடு வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

பக்குரங்கா ஹைவேயில் சிக்னல் விழுந்தது. வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஏதாவது பேசவேண்டுமே என்று, "உங்க அமெரிக்காவுக்கு அந்த வருஷம்தானேங்க இருநூறு?" என்றேன்.

"ஆமா" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "அடுத்த வருஷம் அதுக்கு எரநூத்தம்பது. அவனுக்கு அம்பது."

பின்சீட்டிலிருந்து மகள் அவர் தோளில் கை வைத்தாள். பச்சை விழுந்தது. இவர் வண்டியை எடுத்தார்.